காய்ச்சல் குறிப்பேட்டில் விடுபடும் மாத்திரை



ஓசூரில் ஒருவருக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால் டெங்கு, டைபாய்டு, உண்ணிக் காய்ச்சல் என்று வரிசையாக இரத்தம் எடுக்கிறோம். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் “என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?” என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை. இந்தக் கருத்தரங்கை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

மாதவிடாய் வலிக்கும் வயிற்றுப் பிடிப்புக்கும் நம் கடைகளில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் கூட்டு மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அதில் மெஃபனமிக் அமிலம் 250 மில்லிகிராம், டைசைக்ளோமின் 10 மில்லிகிராம். டைசைக்ளோமின் மென்தசையை இளக்கிப் பிடிப்பை விடுவிக்கிறது. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்தாகையால் வியர்வையையும் அது குறைத்துவிடும். வியர்க்காத உடம்பில் சூடு தங்கும். இங்குள்ள ஆலைகளில் உலையருகிலும் வார்ப்படக் கூடத்திலும் நிற்பவருக்கு அது காய்ச்சலாக, சில நேரம் வெப்ப மயக்கமாகவே முற்றலாம். மருந்தின் குறிப்புத்தாளிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. இந்தச் சூடு பாராசிட்டமாலுக்கு இறங்காது. மருந்தை நிறுத்தி உடம்பைக் குளிர்விக்க வேண்டும்.

மெஃபனமிக் அமிலத்தால் வரும் காய்ச்சல் வேறு வகை. 2023 நவம்பரில் இந்திய மருந்துத் தர நூல் ஆணையம் ‘டிரெஸ்’ என்னும் கடும் ஒவ்வாமை குறித்து நாடு முழுவதும் எச்சரித்தது. காய்ச்சல், தோல் தடிப்பு, நெறிகட்டுதல், இரத்தத்தில் ஈசினோஃபில் உயர்வு, கல்லீரல் பாதிப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். பெரும்பாலும் மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரங்களுக்குள் தலைகாட்டும். அதற்குள் மாத்திரை அட்டை குப்பைக்குப் போயிருக்கும்; வலி நின்றதும் மாத்திரையும் மறந்திருக்கும்.

மருந்தையும் காய்ச்சலையும் இணைத்துப் பார்க்க விடாமல் இங்கே மாநில எல்லை ஒன்றும் குறுக்கே நிற்கிறது. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. இந்தப் பக்கம் ஆலையில் மாத்திரை வாங்கியவர் அந்தப் பக்கம் பெங்களூரு மருத்துவமனையில் படுக்கிறார். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளி என்றால், காய்ச்சலோடு ரயிலேறிவிடுகிறார். மாத்திரை கொடுத்தவருக்குக் காய்ச்சல் வந்தது தெரியாது. காய்ச்சலைப் பார்ப்பவருக்கு மாத்திரை கொடுத்தது தெரியாது.

வலி மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்க்கும் பெண்ணின் வலி உண்மையானது. அதைத் தணிப்பது நம் கடமை. கொடுத்ததை எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். மருந்தின் பெயர், தேதி, வேலை செய்யும் இடம் மூன்றும் உள்ள ஒரு சீட்டு அவர் கையோடு போகட்டும். காய்ச்சலோடு வருபவரின் குறிப்பேட்டில் முந்தைய எட்டு வார மருந்துகள் முதல் பக்கத்திலேயே ஏறட்டும்.

மருந்தால் வந்த பாதிப்போ என்ற சந்தேகம் எழுந்தால் தெரிவிக்க 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. செவிலியர், மருந்தாளுநர், நோயாளி யாரும் தெரிவிக்கலாம். 2010இல் தொடங்கிய தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நம் பகுதியிலிருந்து அறிக்கைகள் போனால்தான், உலைச் சூட்டில் இந்தக் கூட்டு மாத்திரை என்ன செய்கிறது என்பது ஆய்வாக உருப்பெறும்.

நான் சொன்ன மருந்துச் சீட்டின் மாதிரியைச் சிப்காட் ஆலை மருந்தகங்களிலிருந்து வந்திருக்கும் செவிலியர்கள் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். முதல் அமர்வை அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் அது இருக்க வேண்டுமா என்பதை அவர்களோடு பேசி இன்றே முடிவு செய்வோம்.