தென்னோலை தின்னும் சிறு விட்டில்

தென்னோலைகள் தீப்பட்டவை போலக் காய்ந்து தொங்கினால் வரட்சியென்று எண்ணிவிடுதல் எளிது. நேயர்கள் ஓலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். ஆங்கே நூலும் எச்சமும் கலந்து கட்டிய கூட்டினுள் கருந்தலைப் புழு இருந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்னக் காணலாம்.

அப்புழு வளர்ந்தாகும் விட்டிலோ சாம்பல் படர்ந்த வெண்ணிறத்தது. சிறகை விரித்தால் ஏறக்குறைய ஓரங்குலம். பெண்ணின் முன்சிறகில் மங்கிய மூன்று புள்ளிகள் உண்டு. ஆணின் பின்சிறகோரத்தில் மயிர் விளிம்பு உண்டு.

இலங்கையிற் கிடைத்த இதற்கு 1864இல் பிரான்சிஸ் வாக்கர் ஒபிசினா அரெனோசெல்லா எனப் பெயரிட்டார். மணலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அதன் பிற்பகுதி. 1905இல் எட்வேட் மெய்ரிக் அதே பூச்சியைப் புதியதெனக் கருதி, நெபான்ரிஸ் செரினோபா என்றார். மெய்ரிக் இங்கிலாந்திலே பள்ளியாசிரியர், ஆசிரியரும் தவறுவதுண்டு! பயிர்நூல்கள் நெடுங்காலம் அவர் இட்ட பெயரையே வழங்கின. முந்திய பெயருக்கே உரிமையென்னும் விலங்கியல் விதிப்படி இன்று நிலைத்திருப்பது வாக்கரின் பெயர். இதனை எக்குடும்பத்திற் சேர்ப்பதென்பதில் அறிஞர் இன்னும் ஒருமனப்படவில்லை.

இது வெறும் ஏட்டுப் பூசலன்று. பரிகாரம் தேடுவோர் ஒரு பெயரை மட்டும் அறிந்திருப்பின், மற்றப் பெயரில் எழுதப்பட்டவை யாவும் அவர் கண்ணிற் படாமற் போகும். இப்புழுவை அழிக்கவென வளர்த்துத் தோப்புகளில் விடப்படும் சிறு குளவியின் பெயர் கொனியோசஸ் நெபான்ரிடிஸ். விட்டில் இழந்துவிட்ட பெயரை அதன் பகைவன் இன்றும் சுமந்து திரிகிறது.