தண்ணீரில் நின்ற கார்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய கார் வாங்குறதைப் பத்திப் பேசு" என்று செயலாளர் போனில் சொன்னபோது முதலில் தயங்கினேன். மற்றவர்கள் விண்கலம், செயற்கை நுண்ணறிவு என்று பேசும் மேடையில் நான் ஸ்டெப்னியும் சீட் பெல்ட்டும் பேசுவதா என்று தோன்றியது. பிறகு யோசித்தேன். இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் பலர் வேலைக்குப் போய் இரண்டு மூன்று வருடத்தில் ஒரு கார் வாங்குவார்கள். அதில் பாதிப் பேருக்காவது அது பழைய காராகத்தான் இருக்கும். நான் ஏமாந்தது போல் அவர்கள் ஏமாறக்கூடாது. அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

நான் ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு வேளச்சேரியில். 2015 டிசம்பர் வெள்ளம் எங்களுக்குச் செய்தி அல்ல, வீட்டு வாசல். ராம் நகர், ஏ.ஜி.எஸ். காலனி, விஜயநகர் பக்கம் இருந்தவர்களைக் கேட்டால் எந்தப் படி வரை தண்ணீர் வந்தது என்று சுவரில் காட்டுவார்கள். ஏரிக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் நடுவே ஊரைக் கட்டிக்கொண்டோம். தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வருகிறது. அந்த டிசம்பரில் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கி நின்றன என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

அப்படிப் பார்த்தவன்தான் 2016 மே மாதம் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து, நாலு வருஷத்து கார் ஒன்றை வாங்கினேன். புரோக்கர் சொன்னார்: "சார், டாக்டர் வண்டி. சண்டே மட்டும்தான் எடுப்பாரு." எந்தப் பழைய காரை விற்றாலும் அதற்கு முந்தைய ஓனர் ஒரு டாக்டராகத்தான் இருப்பார் என்பது எனக்கு அப்போது தெரியாது! பெயிண்ட் பளபளவென்று இருந்தது. ஏ.சி. ஜில்லென்று இருந்தது. உள்ளே மல்லிகைப்பூ வாசனை. படித்தது மெக்கானிக்கல் என்ற கர்வம் வேறு. பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பெரிய மனுஷன் மாதிரி பார்த்துவிட்டு, "ஓகே" என்றேன்.

மூன்று மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் பவர் விண்டோ தானாக இறங்கியது. அடுத்து ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. செப்டம்பரில் ஒரு மழை இரவு, பள்ளிக்கரணையிலிருந்து ரேடியல் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். பின்சீட்டில் அம்மா. திடீரென்று எஞ்சின், ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிட்டன. நடுரோடு, கும்மிருட்டு. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்து, கடைசி நிமிடத்தில் ஒதுங்கிப் போனது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. என் தோளை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பிடி இன்றும் தோளில் இருக்கிறது.

மறுநாள் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் முன்சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கினார். அடியில் காய்ந்த வண்டல், ஆற்றுப் படுகை மாதிரி. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். பாதிக்கு மேல் பழுப்புக் கறை. "தம்பி, இது டிசம்பர் தண்ணி" என்றார். நான் படித்த நான்கு வருடப் படிப்பு அந்த ஒரு வாக்கியத்துக்கு முன் தலைகுனிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளத்தில் மூழ்கிய கார் எப்படிச் சந்தைக்கு வருகிறது? பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் உள்ள ஐ.டி.வி. என்ற மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், இன்சூரன்ஸ் கம்பெனி அதை முழு இழப்பாகக் கணக்கிட்டுப் பணம் கொடுத்துவிடும். அந்த வண்டி ஏலத்துக்குப் போகும். வாங்கியவர் கழுவிக் காயவைத்துப் பூட்டி விற்பார். இன்சூரன்ஸ் இல்லாத வண்டிகளை ஓனர்களே வந்த விலைக்குத் தள்ளிவிடுவதும் உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை விழுந்துவிடும். நம் ஆர்.சி.யில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. மூழ்கிய காரை விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. மறைத்து விற்பதுதான் குற்றம்.

ஆகவே கண்டுபிடிக்கும் பொறுப்பு வாங்குகிறவன் தலையில் விழுகிறது. என்ன பார்க்க வேண்டும்?

ஒன்று, எல்லா சீட் பெல்ட்டையும் முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் கழுவுகிறவன் சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு அடியை மறந்துவிடுவான்.

இரண்டு, டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியில் கை வைத்துப் பாருங்கள். சேறு, துரு, மணல் எது இருந்தாலும் கேள்வி கேளுங்கள்.

மூன்று, முன்சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள், டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஸ்க்ரூக்கள். மழையே படாத இடத்தில் துரு எப்படி வந்தது? ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, செம்பில் பச்சைப் பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

நான்கு, வாசனை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உள்காற்றே சுழலும்படி ஏ.சி.யைப் போட்டு, பத்து நிமிடம் உட்காருங்கள். ஈரத்துணி நாற்றம் வந்தால் எழுந்து வந்துவிடலாம். வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். எனக்கு அடித்த மல்லிகை வாசனை அதுதான்!

ஐந்து, காகிதம். இது பலருக்குத் தெரியாது. பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேட்டு வாங்கி, 'நோ க்ளெய்ம் போனஸ்' எத்தனை சதவீதம் என்று பாருங்கள். க்ளெய்ம் இல்லாமல் ஓடினால் அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ஓனர் மாறாமலே ஒரு வருடம் அது பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால், அதற்கு முந்தைய ஆண்டு ஏதோ க்ளெய்ம் நடந்திருக்கலாம். என்ன க்ளெய்ம் என்று கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியின் சரித்திரத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் ஆகியவற்றை ஒட்டிய மாதங்களில் பெரிய பில் இருந்தால் உஷார்.

இனி எந்தப் பழைய காருக்கும் பொதுவான சில விஷயங்கள். காலையில், எஞ்சின் சூடாவதற்கு முன் போய்ப் பாருங்கள். பானெட்டைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். ஸ்டார்ட் செய்து புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆயில் கேஜ் கம்பியை உருவிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறம் இருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. மீட்டர் 25,000 கிலோமீட்டர் காட்டி, க்ளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், பொய் சொல்வது பெடல் அல்ல.

சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். கடன் இருந்தால் பாங்க் கொடுக்கும் படிவம் 35 இல்லாமல் முன்பணம் கூடக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடைசியாக, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் விற்பவருடைய மெக்கானிக். கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், முதல் ஆறு மாத ரிப்பேருக்கு ஒரு தொகையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர். வண்டி நான்கு கை மாறி யாரோ விபத்து செய்தாலும், நஷ்ட ஈட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

இனி, வாங்கிய கார் வெள்ளத்தில் மாட்டினால் என்ன செய்வது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் சீட் உயரத்துக்குத் தண்ணீர். அப்போது என்னிடம் இருந்தது இரண்டாவது கார். அதுவும் பழையதுதான், ஆனால் பார்த்து வாங்கியது. தண்ணீர் வடிந்ததும் பக்கத்து வீட்டு நண்பர் ஓடிப் போய்ச் சாவியைத் திருகினார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், வளைவது கனெக்டிங் ராடுதான். அவர் எஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்தது. சாதாரண முழுப் பாலிசி வெள்ள சேதத்துக்குப் பணம் தரும். ஆனால் நாமே ஸ்டார்ட் செய்து எஞ்சினைக் கெடுத்துக்கொண்டால் பொதுவாகத் தராது. அதற்கு 'எஞ்சின் பாதுகாப்பு' என்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால் வெள்ளத்துக்கு ஒரு பைசா கிடைக்காது.

நான் சாவியைத் தொடவில்லை. தண்ணீர் மட்டமும் நம்பர் பிளேட்டும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்தேன். தண்ணீர் வடிந்த பிறகு பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்தேன். கட்டி இழுக்காமல், தட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினேன். ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றி, பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் எஞ்சினைச் சுற்றினார்கள். கார் பிழைத்தது. மின்சார கார் வைத்திருப்பவர்கள் எதையும் தொடாமல் கம்பெனி ஆளுக்காகக் காத்திருங்கள்.

இப்போதெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் உஷார். 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசையாக நின்ற படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் காரும் அங்கேதான் நின்றது!

முதல் காரின் கதையை முடிக்காமல் விட்டேன். வயரிங்கும் கம்ப்யூட்டர் பெட்டியுமாக ஒரு லட்சத்துக்கு மேல் செலவு செய்தும் அது திருந்தவில்லை. 2017 ஆரம்பத்தில் விற்க விளம்பரம் கொடுத்தேன். கேட்ட விலை இரண்டு லட்சத்து எண்பதாயிரம். ஒரு பையன் அப்பாவோடு வந்தான். பேச்சுக் கொடுத்ததில் நம் கல்லூரி என்று தெரிந்தது. என்னை "அண்ணா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். வண்டி அன்றைக்குப் பார்த்து நன்றாக ஓடியது. பளபளவென்று பாலிஷ் வேறு போட்டு வைத்திருந்தேன். எல்லாம் முடிந்து முன்பணத்தை எடுக்கும்போது அவன் அப்பா கேட்டார்: "தம்பி, நீங்க இன்ஜினியர். எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நீங்களே சொல்லுங்க, நம்பி வாங்கலாமா?"

மறைக்க வேண்டாம், "தாராளமா வாங்கலாம்" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. எனக்கும் கடன் இருந்தது. என்னையும் ஒருவன் ஏமாற்றித்தானே விற்றான்? ஆனால் அந்தக் காரின் பின்சீட்டில் நாளைக்கு அவர்தானே உட்காரப் போகிறார் என்று நினைத்தேன். சீட் பெல்ட்டை இழுத்துக் கறையைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பணத்தை மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டு, "நல்லா இருங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் வண்டியைத் தொண்ணூறாயிரத்துக்கு உதிரி பாகங்களாகக் கொடுத்து, ஆர்.சி.யையும் ஒப்படைத்து ரத்து செய்தேன். அந்த நஷ்டத்தை அடைக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

ஆறு மாதம் கழித்து அந்தப் பையன் போன் செய்தான். "அண்ணா, ஒரு வண்டி பார்த்திருக்கேன். நீங்க வந்து ஒரு தடவை பாக்கறீங்களா?" போனேன். ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அந்த வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் வேலைக்குப் போனபின் அக்கம்பக்கத்தில், உறவில், யாராவது "நீ இன்ஜினியர்தானே, சொல்லு" என்று கட்டாயம் கேட்பார்கள். தெரிந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரிந்த மெக்கானிக்கிடம் அழைத்துப் போங்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சங்கச் செயலாளரிடம் என் எண்ணை வாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால், வேளச்சேரிப் பக்கம் என்றால், நானே வந்து பார்க்கிறேன். கூலி ஒரு டம்ளர் காபி.