புதுப்பித்தலா? மாறுதலா?



நம்மிற் பலருடைய கணினிகளை இயக்குவது விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமையாகும். அதற்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டோர்க்கு மட்டும் 2026 ஒக்டோபர் வரை ஓராண்டுத் தவணை அளிக்கப்பட்டது. ஆதரவு நின்றதனாற் கணினி நின்றுவிடாது. ஆனால், புதிதாய்த் தோன்றும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. ‘ஓடும்வரை ஓடட்டும்’ என்றிருப்பது, வங்கிக் கணக்கையும் அதே கணினியிற் பார்ப்போர்க்கு ஆகாத காரியம்.

விண்டோஸ் 11க்கு ஏறிவிடலாமே எனின், அதற்கும் தடையுண்டு. டி.பி.எம். 2.0 என்னும் காப்புச் சில்லும், இன்டெல் கணினியாயின் பெரும்பாலும் 8ஆந் தலைமுறைச் செயலியும் அதற்கு வேண்டும். 2017க்கு முன் வாங்கிய கணினிகளிற் பெரும்பாலானவை இத்தேர்விலே தவறிவிடும். பழுதில்லாத கணினியை மூலையில் வைத்துவிட்டுப் புதியது வாங்க மாணவராகிய நம்மிடம் பணம் ஏது? இங்கேதான் லினக்ஸ் நம் கண்முன் வருகின்றது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இம்முயற்சியின் வழிவந்த உபுண்டு, லினக்ஸ் மின்ட் முதலியன இலவசமாகக் கிடைப்பன. பல பழைய கணினிகளிலும் இயங்குவன.

ஆயினும், இலவசம் என்றதும் பாய்ந்துவிடலாகாது. யேர்மனியின் மியூனிக் நகரசபை 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றியது. 2017இல் அந்நகரசபையே விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. பிறருடன் பத்திரங்களைப் பரிமாறுவதில் இடர்ப்பாடு என்பது அங்கெழுந்த முறைப்பாடுகளில் ஒன்று. பிரான்சின் ஜென்டார்மரி என்னும் காவற்படையோ வேறு வழி சென்றது. 2005இல் விண்டோஸிலிருந்தபடியே ஓப்பின் ஒபிஸுக்கு மாறினர். பின்பு பயர்பொக்ஸுக்கு மாறினர். 2008இலேதான் உபுண்டுவுக்கு மாறத் தொடங்கினர். நிலத்தை மாற்றுமுன் கருவிகளை மாற்றிக் கைபழகினர் என்க.

நாம் கைக்கொள்ளத்தக்க வழியும் இதுவே. முதலில், நாம் நாளாந்தம் பயன்படுத்தும் மென்பொருள்களைப் பட்டியலிடுவோம். விண்டோஸில் மட்டும் இயங்குவதும் இன்றியமையாததுமான ஒன்று அதில் இருப்பின், விண்டோஸிலேயே நிற்போம். கணினி இடங்கொடுத்தாற் புதுப்பிப்போம், கொடாவிடிற் பணம் சேர்ப்போம். அப்படியொன்றும் இல்லையாயின், லிப்ரே ஒபிஸிலே சில வாரம் எழுதிப் பார்ப்போம். வேர்ட் கோப்புகளை அது திறக்கும். ஆனாற் பக்க அமைப்புச் சிலவேளை குலையும். பாமினி எழுத்துருவில் எழுதிய பழைய கட்டுரைகள் இருப்பின், அவ்வெழுத்துருவையும் உடன்கொண்டு செல்லல் வேண்டும். பின்பு லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே இயக்கி, வைபையும் அச்சுப்பொறியும் தமிழ்த் தட்டச்சும் இசைகின்றனவா எனச் சோதிப்போம். கோப்புகள் அனைத்தையும் வேறிடத்திற் பிரதிசெய்த பின்னரே நிறுவுவோம். ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவத்தில் இவ்வேலையிற் கைவைக்கவே வேண்டாம்.

அன்பர்களே! அயலவர் மாறினார் என்று நாமும் மாறுவதும், பழக்கம் என்று பழையதையே பற்றி நிற்பதும் ஆராய்ந்து செய்யும் முடிவுகள் ஆகா. நம் வேலை எது என்பதை முதலில் அறிவோம். அதற்கேற்ற முறைமையைப் பின்பு தேர்வோம்.