இருவராக இருக்கும்போதே

(கோச்சடையில் நடந்த முதியோர் ஐக்கியக் கூட்டத்தில் நாங்கள் இருவரும் பேசியதின் எழுத்து வடிவம்)



"மதுரையை விட்டுச் சென்னைக்குப் போய்விடலாமா, இங்கேயே இருந்துவிடலாமா?" என்பதைப்பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற பாதி வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கிறது. பிள்ளைகளைப் படிக்கவைத்தோம். அவர்கள் வேலையின் நிமித்தம் கடற்கரைப் பட்டணத்துக்குப் போனார்கள். அங்கே வீடும் வாங்கிவிட்டார்கள். கோச்சடையில் நாம் இரண்டு பேரும் ஒரு வேப்பமரமும் மிச்சம். எங்களில் ஒருவர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 71. மற்றவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர், வயது 74. கடந்த ஒரு வருஷமாக இதை யோசித்து, விசாரித்து, ஜெபித்து, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். அந்த முடிவு எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. எங்களுக்கு உதவிய கேள்விகள் உங்களுக்கும் உதவலாம்.

முதலில், இது புதிய கேள்வி அல்ல. யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த அமெரிக்க மிஷனெரிகளில் சிலர் 1834-இல் கடல் தாண்டி நம்முடைய மதுரைக்கு வந்தார்கள். அதே மிஷனைச் சேர்ந்த மிரோன் வின்ஸ்லோ ஐயரும், டாக்டர் ஜான் ஸ்கடரும் 1836-இல் சென்னைக்குப் போனார்கள். அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புத்தகங்கள் அச்சிட அந்தப் பட்டணம் ஏற்றது என்பது அவர்களுடைய காரணம். வின்ஸ்லோவின் பெரிய தமிழ் அகராதி 1862-இல் சென்னையிலிருந்துதான் வெளிவந்தது. வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாளின் தாத்தாதான் இந்த ஜான் ஸ்கடர். மதுரையில் வைத்தியர் தேவைப்பட்டபோது அவர் 1847-இல் இங்கே வந்தார். 1849-இல் மறுபடியும் சென்னைக்குத் திரும்பினார். அந்த வருஷமே அவருடைய மனைவி ஹாரியட் அம்மாள் சென்னையில் காலமானார்.

இத்தனை தடவை வீடு மாறியவர்கள் எந்த ஊர் சுகமான ஊர் என்று பார்த்து மாறவில்லை. எதற்காகப் போகிறோம் என்று ஒவ்வொரு தடவையும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகையால் நாங்களும் ஊரைப்பற்றிய கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, "எதற்காக?" என்று ஒரு தாளில் எழுத உட்கார்ந்தோம்.

பிள்ளைகள் சொன்ன முதல் காரணம் வைத்தியம். "சென்னையில்தான்ப்பா நல்ல ஆஸ்பத்திரி" என்றான் மகன். இந்தக் காரணம் எங்கள் விஷயத்தில் நிற்கவில்லை. மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது, மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்களில் ஒருவருக்குக் கண் நீர் அழுத்த நோய். அதற்குப் பார்க்கிற அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கைகளோடு இதே மதுரையில் ஆரம்பமானது. அது சென்னைக்குப் போனது 2017-இல்தான். ஆகவே வைத்தியத்துக்காகப் போகிறோம் என்று நாங்கள் எழுதமுடியவில்லை.

இரண்டாவது, சீதோஷ்ணம். சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் உங்களுக்குத் தெரியும். கடலோரம் குளுமையாக இருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். சென்னையில் பிற்பகலில் கடல் காற்று வரும், உண்மைதான். மேற்குக் காற்று பலமாக வீசுகிற நாளில் அது பிந்தி வரும், அல்லது வராமலே போகும். காற்றில் ஈரம் அதிகமாகையால் வியர்வை உலராது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற வயதானவர்கள் அங்கே தண்ணீர் குடிப்பதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.

மூன்றாவது, தண்ணீர். நம்முடைய கோச்சடை, மேலக்கால் பக்கத்து வைகை மணலிலிருந்து நகருக்கே குடிநீர் எடுத்தவர்கள் நாம். சென்னையிலோ 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போயின. அந்த ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர் பெட்டிகள் கொண்ட ரயிலில், நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்டுபோனார்கள். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இருக்கின்றன. 2024-இல் நெம்மேலியில் இரண்டாவது நிலையமும் திறக்கப்பட்டது. ஆகையால் "சென்னையில் தண்ணீர் இல்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. போகிற தெருவில், போகிற கட்டடத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்கவேண்டும்.

நான்காவது, வெள்ளம். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி மெரினா கடற்கரைக்கு வந்தது. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் அடையாறு கரை புரண்டு, தரைத்தள வீடுகளுக்குள் இரவோடு இரவாகத் தண்ணீர் புகுந்தது. அடுத்த வருஷம் வர்தா புயல். 2023 டிசம்பரில் மிக்ஜாம். பிள்ளைகள் தூத்துக்குடியில் இருக்கிறார்கள் என்பவர்களும் அதே டிசம்பரை மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மதுரையும் தப்பவில்லை. 2024 அக்டோபர் 25-இல் செல்லூர் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. ஆனாலும் வடகிழக்குப் பருவமழை கடலோரத்தைத் தாக்குகிற வேகம் வேறு.

இந்த நான்கையும் எழுதிப் பார்த்தபோது தராசு மதுரை பக்கமே சாய்ந்தது. அப்படியானால் ஏன் இன்னும் யோசிக்கிறோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம்.

பிரியமானவர்களே, காரணம் ஒரு சிறு மருந்துப் புட்டி. நீர் அழுத்தத்துக்கு வாழ்நாள் முழுவதும் கண்ணில் சொட்டு மருந்து விடவேண்டும். கை நடுங்குகிறவர் தன் கண்ணில் தானே விட்டுக்கொள்வது கடினம். ஒரு சொட்டு கன்னத்தில் விழும், இரண்டாவது இமையில் விழும். எங்கள் வீட்டில் ஒருவர் நாற்காலியில் சாய்ந்துகொள்வார், மற்றவர் விடுவார். காலையும் மாலையும் இப்படி நடக்கிறது. மருந்து மதுரையிலும் கிடைக்கும், சென்னையிலும் கிடைக்கும். விடுகிற கை வேண்டும். அப்போதுதான் எங்களுக்குள் இதுவரை வாய்விட்டுச் சொல்லாத கேள்வியைச் சொன்னோம்: "கோச்சடை நம் இருவருக்கும் போதும். நம்மில் ஒருவர் மட்டும் மீந்திருந்தால், அவருக்குப் போதுமா?"

நாம் எல்லாரும் இருவருக்காகத் திட்டம் போடுகிறோம். நம்மில் ஒருவர் கடைசி வருஷங்களைத் தனியாகக் கழிப்பார் என்பதை எல்லாரும் அறிவோம். துக்க வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்கள். அடக்க ஆராதனை முடிந்த மூன்றாம் நாள் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து, "அம்மாவை யார் கூட்டிக்கொண்டு போவது?" என்று பேசுவார்கள். அம்மா உள்ளே படுத்திருப்பார். ஒரு பெட்டியோடு அவரை ரயிலேற்றுவார்கள். தெரியாத ஊர், தெரியாத வீடு, துணையும் இல்லை. இடம் மாறுவதையும் துணையை இழப்பதையும் ஒரே வாரத்தில் தாங்குவது எழுபத்தைந்து வயதில் மிகவும் பாரமானது.

"நம் தெரு இருக்கிறதே" என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மை. காலை ஆறரைக்கு எங்கள் வாசலில் தண்ணீர் தெளிக்காவிட்டால் எதிர்வீட்டு அம்மா வந்து, "சிஸ்டரம்மா, என்ன ஆச்சு?" என்று கதவைத் தட்டுவார். சென்னை அடுக்குமாடி வீட்டில் நாங்கள் தங்கியிருந்த நாட்களில் ஒருவரும் தட்டவில்லை. ஆனால் எதிர்வீட்டு அம்மாவுக்கும் இப்போது 78 வயது. அவருடைய பிள்ளைகள் பெங்களூரில். நம்மைத் தட்டி எழுப்புகிற கையும் நம்மோடு சேர்ந்தே தளர்கிறது. அவசரத்துக்கு 108-ஐ அழைத்தால் வண்டி வரும். சென்னையிலிருந்து மகன் வருவதற்கு? 1977-இல் வைகை எக்ஸ்பிரஸ் விட்டபோது பெரிய வேகம் என்றோம். 2019 முதல் தேஜஸ் ஓடுகிறது. அதிலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இரவில் விழுந்தால் மகனை மறுநாள்தான் பார்க்கமுடியும்.

ஆகையால் இருவராக இருக்கும்போதே போவதென்று முடிவு செய்தோம். நடக்கக் கால் இருக்கும்போதே அந்த ஊர்ப் பாதைகளைப் பழகவேண்டும். பேச வாய் இருக்கும்போதே பக்கத்து வீட்டாரைப் பழக்கிக்கொள்ளவேண்டும். ஒருவர் போனபின் மற்றவர் இருக்கப்போகிற வீடு, இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீடாகவும் இருக்கட்டும்.

எப்படிப் போகிறோம் என்பதையும் சொல்லவேண்டும். மே மாதம் மூன்று வாரமும், பின்பு நவம்பரில் ஒரு மாதமும் அங்கே தங்கிப் பார்த்தோம். நல்ல பருவத்தில் பார்த்தால் எந்த ஊரும் நல்ல ஊர்தான். வீடு தேடும்போது, "2015-இலும் 2023-இலும் இங்கே தண்ணீர் எந்தப் படி வரை வந்தது?" என்று காவற்காரரிடமும் கீழ்வீட்டாரிடமும் கேட்டோம். லிஃப்டின் மின்சாரப் பெட்டியும் ஜெனரேட்டரும் தரைமட்டத்திற்கு மேலே இருக்கின்றனவா என்று பார்த்தோம். முதல் மாடியில் வாடகைக்கு ஒரு சிறிய வீடு கிடைத்தது. மகன் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை.

மகன் வீட்டிலேயே ஏன் இல்லை என்று கேட்பீர்கள். மகனிடம் மாத்திரம் கேட்காமல் மருமகளிடமும் தனியாகக் கேட்டோம். "பக்கத்துல இருங்க அத்தை. ஒரே சமையலறை வேண்டாம். அப்பத்தான் நாம ரெண்டு பேரும் சிரிச்ச முகமா இருப்போம்" என்றாள். அந்த உண்மைக்காக அவளை இன்னும் அதிகமாக நேசிக்கிறோம்.

கோச்சடை வீட்டை விற்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு வாடகைக்கு விடுகிறோம். பிள்ளைகள் பெயருக்கும் இப்போது எழுதவில்லை. ஏற்கெனவே எழுதிக்கொடுக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கவனித்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, அவர்கள் கவனிக்கத் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கும்படி கேட்கலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிவைப்பது பாதுகாப்பு. முதியோருக்கான உதவித் தொலைபேசி எண் 14567. பிள்ளைகள்மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. தெளிவாக எழுதிவைத்த வீட்டில் மனஸ்தாபம் குறையும்.

போகமுடியாதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளை இருந்தும் இடம் இல்லாதவர்கள், இந்த மண்ணைவிட்டு வரமாட்டேன் என்று மனதார நிற்கிறவர்கள். இங்கேயே இருப்பதும் நல்ல முடிவுதான். அதையும் இருவராக இருக்கும்போதே, ஏற்பாடுகளோடு செய்யுங்கள். ஒரு சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் தொலைபேசி செய்ய இருவர் இருவராகச் சேருங்கள். உங்களைவிட இருபது வயது இளைய ஒருவராவது உங்கள் வீட்டு நிலைமையை அறிந்திருக்கட்டும்.

கடைசியாக, நாங்கள் விட்டுப்போகிற வேலை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலையில் எங்கள் திண்ணையில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவருகிறோம். இந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக 31 பேர் வருகிறார்கள். அவர்களில் நம் சபையார் நான்கு பேர்தான். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அதில் பெயர் சேராதவர்களைச் சேர்த்துவிட்டோம். ஆனாலும் "போன வாரம் 160 இருந்ததே, ஏன்மா, ஊறுகாய் சாப்பிட்டியா?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். தை மாதம் நாங்கள் புறப்படுகிறோம். மாதத்தின் முதல் இரண்டு சனிக்கிழமைகளுக்கு ஓர் இளம் நர்ஸ் சகோதரி ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்ற சனிக்கிழமைகளுக்கு இன்னும் ஒருவர் வேண்டும். கருவியும் நோட்டும் ஆயத்தமாக இருக்கின்றன. உங்களில் யார் என்று, தேநீருக்குப் போகுமுன் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.