போர் முடிந்த மறுநாள்



நம் முல்லைத்திணையில் போர்க்களம் பெரிதல்ல. போனவன் எப்போது வருவான் என்பதுதான் பெரிது. தேர் வாசலில் வந்து நின்றால் நமக்கு மனம் நிறைந்துவிடும். இன்று நான் பேச வந்திருப்பது அமெரிக்க மேற்குப் புலத்தைக் களமாகக் கொண்ட கிறிஸ்தவ நாவல்களைப் பற்றி. அவற்றில் வீரன் வாசலுக்கு வந்த பிறகுதான் கதையே ஆரம்பம்.

1865 ஏப்ரல் 9. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுக்கு வரும் நேரம். வர்ஜீனியாவில் அப்போமாட்டாக்ஸ் என்ற சிற்றூர். தென்படைத் தளபதி லீ, வடபடைத் தளபதி கிராண்டிடம் சரணடைகிறார். நான்கு ஆண்டுப் போரில் ஆறு லட்சம் பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். அந்த மேசையில் பேசப்பட்ட விஷயங்களில் ஒன்று, குதிரை! சொந்தக் குதிரையோடு போருக்கு வந்தவன் அதை வீட்டுக்கு ஓட்டிப் போகலாம் என்றார் கிராண்ட். உழவுக்காலம் அல்லவா? ஏர் பூட்ட வேண்டுமே! தோற்ற படையின் பசியாற்ற 25,000 பேருக்கான உணவும் அனுப்பினார்.

குதிரையோடு ஊர் திரும்பியாயிற்று. தூக்கம் திரும்பியதா? பிலடெல்பியா மருத்துவர் டா கோஸ்டா 1871-ல் எழுதிவைத்திருக்கிறார்: இதயத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை; ஆனால் வீரர்களுக்கு நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது. பலர் மேற்கே போனார்கள். ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் உனக்கு என்றது 1862-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த மண்ணுக்குப் பூர்வகுடிகள் என்ற சொந்தக்காரர்கள் இருந்தார்கள் என்பதைப் பல நாவல்கள் கண்டும் காணாமல் போய்விடுகின்றன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த வகை எழுத்துக்கு ஒரு முன்னோடியைக் காட்டச் சொன்னால், நான் லூ வாலஸைக் காட்டுவேன். இந்தியானாக்காரர், வடபடைத் தளபதி. 1862-ல் ஷைலோ போரில் அவருடைய படை ஒரு பாதையில் போய், திரும்பி, வேறு பாதையில் வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. முதல் நாள் சண்டையே முடிந்துவிட்டது. தாமதமாக வந்தார் என்ற பழியைத் துடைக்க அவர் ஆயுள் முழுக்கப் போராடினார்.

1878-ல் நியூ மெக்சிகோவுக்கு ஆளுநராகப் போனார். சாண்டா ஃபே நகரத்து மண்சுவர் மாளிகையில், இரவு விளக்கொளியில், ஒரு நாவலை எழுதி முடித்தார். 1880-ல் வெளிவந்த ‘பென்ஹர்’தான் அது. கப்பலில் துடுப்பு வலித்த அடிமை பழிவாங்கும் வெறியோடு ஊர் திரும்புகிறான். சிலுவையின் முன்னால் அந்த வெறி கரைகிறது.

அதே வாலஸ், 1879 மார்ச்சில் பில்லி தி கிட் என்ற தேடப்படும் குற்றவாளி இளைஞனை இரவில் இரகசியமாகச் சந்தித்தார். ஒரு வழக்கில் சாட்சி சொன்னால் உன் குற்றங்களுக்கு மன்னிப்பு என்றார். பையன் சாட்சி சொன்னான். மன்னிப்பு வரவில்லை. 1881-ல் சுட்டுக் கொல்லப்பட்டான். மன்னிப்பை அவ்வளவு உருக்கமாக எழுதிய கை, மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை!

வாலஸைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எழுதுவதற்கு மன்னிப்பு எளிது, கொடுப்பதற்குக் கடினம். வேதம் அதை அறிந்திருக்கிறது. லூக்கா 15-ஆம் அதிகாரத்து ஊதாரி மைந்தன் கதை நமக்குத் தெரியும். இளையவன் வந்தான், தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான், விருந்து நடந்தது. மூத்தவன்? கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். உள்ளே போனானா, இல்லையா? இயேசு சொல்லாமலே விட்டுவிட்டார்.

கென்டக்கியிலும் மிசூரியிலும் அண்ணன் வடக்குப் படையில், தம்பி தெற்குப் படையில் என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. போர் முடிந்து இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ரொட்டியை யார் முதலில் யார் பக்கம் தள்ளுவது? நல்ல நாவல் அந்த இடத்தில் நின்று நிதானிக்கிறது. சுமாரான நாவல், ஞாயிறு ஆராதனையில் ஒரு ஜெபம், இரண்டு சொட்டுக் கண்ணீர், எல்லாம் சுகம் என்று முடித்துவிடுகிறது. விசுவாசம் ஒரே வேளையில் குணமாக்கும் மருந்து என்று காட்டுவது விசுவாசத்துக்கே செய்யும் அநியாயம்.

ஆகவே நண்பர்களே, இப்படியொரு நாவல் கையில் கிடைத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். மன்னிப்புக் கேட்கிறவன் எதை இழக்கிறான்? கொடுக்கிறவன் எதை விட்டுக்கொடுக்கிறான்? இரண்டுக்கும் பதில் இருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். இல்லையென்றால், நூலகத்தில் இரவல் வாங்கினாலே போதும்!