கேஸ் மாத்திரைக்கும் இதயத் துடிப்புக்கும் என்ன சம்பந்தம்?

நான் கோயம்புத்தூர்ல பார்மசி மாணவர்களுக்கு மருந்தியல் எடுக்கறேன். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்புல ஒரு கேள்வி கேப்பேன்: "வயித்துக்குப் போட்ட மாத்திரை இதயத்தை நிறுத்துமா?" எல்லாரும் சிரிப்பாங்க.

நிறுத்தியிருக்கு. நெஞ்செரிச்சலுக்குன்னு வந்த மருந்து சிசாப்ரைடு. ஒரு துடிப்பு முடிஞ்சு அடுத்ததுக்கு இதயம் தயாராகணும்னா, செல்லுக்குள்ள இருந்து பொட்டாசியம் வெளியே வரணும். அந்த வழியை இது அடைச்சிடும். ஈசிஜியில க்யூடி இடைவெளி நீளும். ரொம்ப நீண்டா துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். அமெரிக்காவுல 2000-ல விற்பனை நின்னுது. இந்தியாவுல தடை வந்தது 2011-ல.

அது போயிடுச்சு. ஆனா அந்தக் குணம் கொஞ்சமாவது உள்ள மருந்துங்க இன்னும் இருக்கு: அசித்ரோமைசின், ஃப்ளுகோனசோல், கேஸ் மாத்திரையோட சேர்ந்து வர்ற டாம்பெரிடோன். பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வயசானவங்க, இதயம் பலவீனமானவங்க, வாந்தி பேதியில பொட்டாசியம் குறைஞ்சவங்க, இவங்களுக்கு இதுல ரெண்டு ஒண்ணா சேர்ந்தா ஆபத்து கூடும். ஆண்களைவிட பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

காந்திபுரமோ பொள்ளாச்சியோ, "ஏனுங்க, சளிக்கும் வாந்திக்கும் ரெண்டு மாத்திரை குடுங்க"ன்னு கேக்கறது நம்ம பழக்கம். கவுண்டருக்குப் பின்னாடி நிக்கப்போற என் மாணவர்கள்கிட்ட நான் எதிர்பார்க்கறது ஒரே கேள்வி: "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

அவங்க கேக்கலைன்னா நீங்களே சொல்லிடுங்க. மாத்திரை போட்ட பிறகு படபடப்போ மயக்கமோ வந்தா, தூங்கி எழுந்தா சரியாயிடும்னு இருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஈசிஜி எடுங்க.