பளியர் பேச்சும் நம் சரித்திரமும்



அழிந்த மொழிகள் பிழைத்திருந்தால் சரித்திரம் எப்படி மாறியிருக்கும் என்று பேசச் சொன்னார்கள். முதலில் இன்னொன்று கேட்கிறேன். பிழைத்த மொழிகள் அழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழ் வடமொழியில் பிறந்ததல்ல, தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அதில் நிறுவினார். அதற்குச் சாட்சி சொன்னவை தமிழும் தெலுங்கும் மட்டுமா? நீலகிரியின் தோடர் மொழியும் கோத்தர் மொழியும் சொன்னன. நடு இந்தியக் காட்டுக் கோண்டியும் சொன்னது. அந்த மொழிகளுக்குக் கோபுரம் இல்லை, கல்வெட்டு இல்லை, வாய்ப்பேச்சு ஒன்றுதான் இருந்தது. நம் பெருமைக்கு அந்தப் பேச்சு சாட்சி நின்றது!

பலூசிஸ்தானத்துக்குப் போங்கள். அங்கே பிராகூயி பேசுகிறவர்கள் ஒன்று, இரண்டு, மூன்றை அசிட், இரட், முசிட் என்று எண்ணுகிறார்கள். நான்கிலிருந்து அயல்மொழி எண்கள். மிஞ்சியவை மூன்றே எண்கள். அவையும் நம் உறவைச் சொல்கின்றன. அவர்கள் ஆதியிலிருந்தே அங்கு இருந்தவர்களா, பின்னால் போனவர்களா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த மொழி அழிந்திருந்தால் வாதாடவே இடமில்லை.

இனி, பிழைக்காத மொழிக்கு வருவோம். சிந்துவெளி முத்திரைகளைப் படிக்க ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்தார். எழுத்து கையில் இருக்கிறது. பேசிய வாய் இல்லை. அந்த மொழி பேசும் ஓர் ஊர், ஒரே ஓர் ஊர், பிழைத்திருந்தால் நம் பாடநூலின் முதல் அத்தியாயமே வேறாக இருந்திருக்கும். சிந்துவெளி மக்கள் நமக்கு உறவா என்ற நூறாண்டு வழக்கு என்றோ தீர்ந்திருக்கும்.

மொழி அழிவது பழங்கதை அல்ல. அந்தமானில் போ மொழியின் கடைசிக் குரலான போவா மூதாட்டி 2010 ஜனவரியில் மறைந்தார். தம் மொழியில் பதில் சொல்ல ஆளில்லாமல் பறவைகளோடு பேசிக்கொண்டிருந்தாராம். மொழியறிஞர் அன்விதா அப்பி போன்றோர் பதிவு செய்த அளவுக்குத்தான் அந்த மொழி இன்று மிச்சம்.

நம் மக்கள்தொகைக் கணக்கிலும் பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிக்குத் தனிப் பெயர் கிடைப்பதில்லை. "மற்றவை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. தமிழை வாய்விட்டுப் படித்து ரசிக்கக் கற்றுக்கொடுத்தார். கேட்டு ரசிக்கும் அந்தக் காதை நம் மலைப்பக்கமும் திருப்புவோம். வாசுதேவநல்லூர், புளியங்குடி மலையடிவாரத்தில் பளியர் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். தேனுக்கும் கிழங்குக்கும் மூலிகைக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் எந்த அகராதியில் முழுமையாக ஏறியிருக்கின்றன?

ஆசிரியர்களே, பளியர் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சை வகுப்பில் திருத்தாதீர்கள், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாணவர்களே, உங்கள் கைப்பேசியில் அந்தப் பாட்டிமார் குரலை, அவர்கள் சம்மதத்தோடு, பதிவு செய்யுங்கள். சிறிய மொழிகள் நமக்குச் சாட்சி சொன்னன. அவற்றைக் காப்பது நம் கடன்.